ஒன்பதாவது பாட்டில் பாத்திரச் சத்தம்

குவைத்தில் வீட்டு வேலை செய்த ஒரு பெண் தன் தாய்க்குப் பேசி அனுப்பிய கடிதத்தை மூன்று கிழமைகளாக நான் ரொக் இசை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதோடு நின்றிருந்தால் அது எனக்கும் என் காதுக்கும் இடையிலான பிரச்சினை. நான் விமர்சனமும் எழுதினேன். கம்பஸ் விடுதியின் கையெழுத்துச் சஞ்சிகையில் இரண்டு பக்கம். ஓரத்தில் கிற்றார் படமும் கீறினேன். "இறுதிப் பாடலில் பாடகர் மனிதக் குரலின் எல்லையைக் கடக்கிறார்" என்பது அதில் ஒரு வரி. அந்தக் கடிதத்துக்குள் அவளுடைய தம்பி நாட்டை விட்டு வெளியேறக் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் இருந்தது. அதைத்தான் நான் எல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் இரண்டாம் வருடம். யுத்த காலத்தில் இரண்டாம் வருடம் என்றால் சேர்ந்து நாலு வருடம் என்று அர்த்தம். ஒரு தவணை படிப்போம், இரண்டு தவணை மூடியிருக்கும். மூடியிருந்த நாட்களில் வீட்டில், தேற்றாத்தீவில், சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டு கிடந்தபோதுதான் இண்டி ரொக் என்ற வஸ்து என்னைப் பிடித்தது. பெரிய கம்பனிகள் தொடாத பாட்டுகள். நாலைந்து பொடியன்கள் யாருடையவோ கொட்டிலுக்குள் பதிந்து தாங்களே விற்பது. ஒரு வெளிநாட்டு நிலையம் கிழமைக்கு ஒருநாள் அரைமணி நேரம் போடும். அரைவாசி இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு கிற்றார். கிற்றாருக்குப் பின்னால் பல்வலிக்காரன் மாதிரி ஒருவன். எது வானொலியின் இரைச்சல், எது பாட்டின் இரைச்சல் என்று பிரிக்க முடியவில்லை. அதனாலேயே பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பாட்டுகளில் யாரும் யாரையும் நம்புவதில்லை. காதலியை நம்பாத பாட்டு, தகப்பனை நம்பாத பாட்டு, கடைசியில் பின்னால் இருந்து அடிக்கிற ட்ரம்காரனையே நம்பாத பாட்டு. சந்திக்குச் சந்தி அடையாள அட்டை காட்டி வளர்ந்தவனுக்கு அது சொந்த ஊர்ப் பாட்டுப் போல இருந்தது. மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இண்டி ரொக் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதில் போட்டிக்கு ஆளில்லை என்பது உண்மை.

கசெற் வாங்குவது காத்தான்குடியில். குவைத்தில் பத்து வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்குக் காக்கா, பிரதான வீதியில் சின்னக் கடை வைத்திருந்தார். அத்தர், சவர்க்காரம், மணிக்கூடு, மூலையில் ஒரு கார்ட்போட் பெட்டி நிறையக் கசெற். இப்போதும் சாமான் எடுக்கக் குவைத் போய், அங்குள்ள சந்தையில் குவியலாக வாங்கி வருவார். என்ன பாட்டென்று அவருக்கும் தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்து விலை சொல்வார்: படத்தில் பொம்பிளை இருந்தால் கூட, தாடிக்காரன் இருந்தால் குறைய.

அந்த வருடங்களில் தமிழ்ப் பொடியன் ஒருவன் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் பஸ்ஸால் இறங்கினால் இரண்டு ஊரும் பார்க்கும். இறங்கிய ஊர் 'இவன் ஏன் வந்தான்' என்று பார்க்கும். பஸ்ஸுக்குள் இருக்கிற என் ஊர் 'இவன் ஏன் இறங்கினான்' என்று பார்க்கும். கசெற் வாங்க என்று சொன்னால், அது உண்மையாக இருந்தும், பச்சைப் பொய் மாதிரியே கேட்கும். எனக்கே சில நாட்களில் சந்தேகம் வந்திருக்கிறது.

அந்த மாதம் தொடங்கியதும் மூன்று வாங்கினேன். முதலாவதின் அட்டையில் நாலு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டைவெளியில் நின்றார்கள். இதைவிட இண்டியாக யாரும் நிற்க முடியாது என்று வாங்கினேன். போட்டுப் பார்த்தால் அரபுக் கலியாணப் பாட்டு. இரண்டாவது அசல், ஆனால் நாலாவது பாட்டில் நாடா சுருண்டுகொள்ளும், பேனையை விட்டுச் சுற்றவேண்டும். மூன்றாவதின் அட்டையில் யாரும் உட்காராத ஒரு வெறும் கதிரை. வேறொன்றுமில்லை, பெயர்கூடச் சின்ன எழுத்தில். எடுத்துத் திருப்பினேன்.

கசெற்றின் முதுகில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். கம்பனிக் கசெற் என்றால் அவை திறந்தே இருக்கும், மேலே யாரும் பதிய முடியாது. அடைத்தால் பதியலாம். இதில் இரண்டு ஓட்டையும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரால் அடைத்திருந்தது.

"காக்கா, இது கள்ளக் கசெற்தானே? பாருங்க, பிளாஸ்ரர் போட்டிருக்கு."

"அதுக்கென்ன தம்பி, காயம் பட்டிருக்கும். குறைச்சுத் தாறன், கொண்டு போங்க."

குறைத்து வாங்கிக்கொண்டு விடுதிக்குப் பஸ் ஏறியபிறகு எனக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. கம்பனி இல்லாத ஆட்கள். ஒவ்வொரு கசெற்றையும் தங்கள் கையாலேயே பதிகிறார்கள் போல. அதுதான் பிளாஸ்ரர்! ஏமாற்று என்று நினைத்ததை ஒரு மணித்தியாலத்துக்குள் கொள்கை என்று மாற்றிக்கொண்டேன். பஸ் செங்கலடியைத் தாண்டுவதற்குள் அந்தக் கொள்கைக்காக உயிரைக் கொடுக்கவும் தயாராக இருந்தேன்.

விடுதியில் கரண்ட் வந்தால் வரும். என் ரேப் ரெக்கோடர் நாலு பெரிய பற்றரியில் ஓடுவது. பற்றரி கிடைப்பது கஷ்டம். நாலைந்து பற்றரியோடு ஆமியின் சோதனைச் சென்றியில் பிடிபட்டால் குண்டுக்கு என்று எழுதிக்கொள்வார்கள். அதனால் செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து, திரும்பப் போடுவோம். அப்படிக் கடித்துப் போட்ட பற்றரியில் எட்டுப் பாட்டு இழுத்து இழுத்து ஓடியது. ஒன்பதாவது பாட்டு நடுவில், கிற்றார் வெட்டினாற்போல நின்றது. ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு ஆண் குரல், எந்தப் பாஷையிலும் சேராத பாஷையில், அடிவயிற்றிலிருந்து முனகத் தொடங்கியது. இடையிடையே டங், டங் என்று பாத்திரச் சத்தம்.

எனக்குக் கண் கலங்கியது. "பாத்திரங்களைத் தாள வாத்தியமாக்கும் துணிச்சல்" என்று அன்றே எழுதிவைத்தேன்.

என் அறைத்தோழன் மாங்கேணிக்காரன், மீன்பிடிக் குடும்பம். என் இசையை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. கட்டிலில் படுத்தபடியே கேட்டான்.

"மச்சான், உண்ட பாட்டுக்காரன் செத்துக்கொண்டிருக்கானடா. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ."

"உனக்கு விளங்காது. இது துயரம்."

"எங்கட தோணி எஞ்சினும் தண்ணி பூந்தா இப்பிடித்தான் துயரப்படும்."

மூன்று கிழமைகள் இப்படியே போயின. விமர்சனம் வந்தது. நாலு பேர் வாசித்தார்கள், அதில் இரண்டு பேர் எழுத்துப்பிழை பார்க்க வாசித்தவர்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பற்றரியைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு, ரேப் ரெக்கோடரையும் கதிரைக் கசெற்றையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். பட்டினத்துக்கும் கல்லடிக்கும் நடுவிலுள்ள பாலத்தில் சென்றி. எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். பஸ் வெறுமையாகப் பின்னால் வரும். பையைத் திறந்த ஆமிக்காரன் கசெற்றை எடுத்துத் திருப்பினான். பிளாஸ்ரரைக் கண்டான். என்னைக் கண்டான். மறுபடி பிளாஸ்ரரைப் பார்த்தான்.

"மொகத மே?" இது என்ன என்று கேட்டான்.

"சிந்து, சேர். இங்கிரிசி சிந்து." பாட்டுத்தான், இங்கிலிஷ் பாட்டு, வேறொன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்த முழுச் சிங்களத்தையும் செலவழித்தேன்.

மண்மூட்டைக்கு மேல் அவர்களுடைய ரேப் ரெக்கோடர் ஒன்று கிரிக்கெட் சொல்லிக்கொண்டிருந்தது. கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு என் கசெற்றைப் போட்டான். கிற்றார். தலையை ஆட்டினான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அவன் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தான்: மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, கடைசிக்கு ஓடவிட்டான்.

நல்ல பற்றரி. நாடா தன் உண்மையான வேகத்தில் ஓடியது. மூன்று கிழமையாக நான் மெய்சிலிர்த்த அந்த ஆண்குரலின் இடத்தில், பாலத்துக் காற்றில், ஒரு இளம் பெண் சுத்தமான மட்டக்களப்புத் தமிழில் பேசினாள்:

"அம்மா, நான்தான் பேசிறன். சுகமா இரிக்கயா? நேரத்துக்குத் திங்கிறயா?"

ஆமிக்காரன் என்னைப் பார்த்தான். "இங்கிரிசி?"

பதினைந்து பேர் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார்கள். எனக்கோ பயப்படுவதா, என் விமர்சனத்தை நினைத்து வெட்கப்படுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. "அக்கா, சேர். குவைத் அக்கா" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். குவைத் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் காலத்தில் எல்லா அக்காமாரும் அங்கேதான் இருந்தார்கள். நாடாவில் அவள் அழத் தொடங்கினாள். அவன் இன்னும் கொஞ்சம் கேட்டான். பிறகு நிறுத்தி, கசெற்றை வெளியே எடுத்து, என் கையில் தராமல் பைக்குள் போட்டு, போ என்று தாடையால் காட்டினான். முதுகில் அவன் பார்வை பாலத்தின் மறுகரை வரைக்கும் வந்தது.

காத்தான்குடியில் இறங்கி நேரே கடைக்குப் போனேன்.

"காக்கா, இந்தக் கசெற்றில ஒரு பொம்பிள பேசுறா."

"பாட்டுக் கசெற்றில பேசாம ஆடுவாங்களா? தம்பி, மாத்தித் தரமாட்டன். மூணு கிழமை கேட்டுட்டு இப்ப வந்து..."

"மாத்த வேணாம். கேட்டுப் பாருங்க."

கடையில் கரண்ட் இருந்தது. இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று முழுவதையும் கேட்டோம். எசமானி நித்திரை, குசினிக்குள் இருந்து பேசுகிறேன் என்றாள் அவள். பாத்திரச் சத்தத்தின் மர்மம் அங்கே தீர்ந்தது: பேசுகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கழுவிக்கொண்டே பேசியிருக்கிறாள். வெறும் கசெற் கிடைக்கவில்லை, வீட்டுப் பொடியன் எறிந்த ஒன்றை எடுத்தேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பிக்கு விசா சரிவந்துட்டு அம்மா. மாசம் முடியிறதுக்கு முதல் பாஸ்போட்டக் கொண்டு கொழும்பு ஏஜன்சிக்குப் போகச் சொல்லு. பிந்தினா அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. கடிதத்த உடச்சுப் பாக்கிறாங்களாம், அதான் இதில பேசிறன். ஒருத்தருக்கும் சொல்லாத. அவன ரோட்டுப் பக்கம் விடாத. ஆமி பிடிச்சாலும் போச்சு, மற்றவங்க பிடிச்சாலும் போச்சு."

காக்கா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

"எண்ட றப்பே," என்றார். இந்த மாதம் பிறந்த அன்று அவர் குவைத்திலிருந்து திரும்பும்போது ஒரு சித்தாண்டிப் பெண் கையில் தந்து, தாயிடம் சேர்க்கச் சொன்னாளாம். "நான் சித்தாண்டிக்குப் போற காலமா தம்பி இது? போறவன் வாறவன் ஆரிட்டயாவது குடுப்பம் எண்டு மேசையில வெச்சன். எங்கட வீட்டுக்காரி ஒதுக்கிறன் எண்டு பெட்டிக்குள்ள போட்டுட்டா போல. எனக்கு மறந்தே போச்சு."

உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் அவரைச் சந்தேகமாகப் பார்த்தேன். அவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்: தமிழ் தெரிந்த ஒருவன் மூன்று கிழமையாக இதை வைத்துக்கொண்டு என்ன செய்தான்? பற்றரி வீக் என்று சொன்னேன். நீதிமன்றத்தில் அது செல்லாது.

"தாய்க்காரி இடியப்பம் அவிச்சு விக்கிறவவாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போங்க தம்பி, ஓடுங்க."

வீட்டுக்குப் போகாமல் திரும்பி விடுதிக்குப் போனேன். மறுநாள் காலை ரேப் ரெக்கோடரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சித்தாண்டிக்கு மிதித்தேன். கம்பஸிலிருந்து கிட்டத்தான். மூன்று கிழமையும் அந்தத் தாய் என் விமர்சனத்திலிருந்து சைக்கிளில் அரைமணித்தியாலத் தூரத்தில் இருந்திருக்கிறாள்.

இடியப்பம் விற்கிற வீட்டைக் கேட்டால் யாரும் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் ஆள் நான் எந்த ஊர் என்று கேட்டார். இரண்டாவது ஆள் யார் அனுப்பியது என்று கேட்டார். மூன்றாவது, ஒரு கடைக்காரி, இடியப்பத்துக்கு எதற்கு ரேப் ரெக்கோடர் என்று கேட்டாள். அவளே இரக்கப்பட்டு, கோயிலைத் தாண்டி வயல் வட்டைக்குப் போகிற ஒழுங்கையைக் காட்டினாள். ஒழுங்கை முடிகிற இடத்தில், வயல்கள் தொடங்குமுன், கிடுகு வேலி போட்ட வீடு.

வளவுக்குள் ஒரு பெண் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"அம்மா, உங்கட மகள் குவைத்தில இருந்து..."

"எனக்கு மகளுமில்ல, குவைத்துமில்ல. ஆரு மனே நீ?"

"கம்பஸில படிக்கிறன். உங்கட மகனுக்கு ஒரு செய்தி..."

"மகனுமில்ல." தட்டைக் கழுவுகிற கை நிற்கவில்லை. "எனக்கு ஆருமில்ல. இடியப்பம் வேணுமெண்டாச் சொல்லு, இல்லாட்டிப் போ."

முன்பின் தெரியாத ஒரு பொடியன் வீடு தேடி வந்து மகனைக் கேட்கிறான். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டு வந்தவர்கள் ஆமிக்காரர், இயக்கக்காரர் என்று இரண்டு வகை; இரண்டு வகையும் மகனைக் கொண்டுபோக வந்தவர்கள். அது எனக்கு விளங்காமலில்லை. அதனால் விளக்கத்தை விட்டுவிட்டு மண்ணில் ரேப் ரெக்கோடரை வைத்து, ஒன்பதாவது பாட்டை ஓடவிட்டேன். கடித்த பற்றரி. கிற்றார் நின்றது. பெருமூச்சு வந்தது. அதன்பிறகு என் பழைய பாடகர் முனகத் தொடங்கினார்.

அம்மா இரண்டடி பின்னுக்குப் போனார்.

"இது பொம்பிளயா? இது கரடி! எண்ட மகளிண்ட குரல் எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்தபிறகுதான், இல்லாத மகளின் குரலைத் தெரியும் என்று சொல்லிவிட்டது அவருக்கே உறைத்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

"பற்றரி வீக், அம்மா. நல்ல பற்றரி போட்டா மகள் வருவா."

அப்போது வீட்டுக்குள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ உருண்டது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன், நீலச் சேட்டு, தலையெல்லாம் உமி, கையில் ஒரு நீட்டு ரோச்லைற்றோடு வெளியே வந்தான். இல்லாத மகன்.

"உள்ள போடா!"

"அது அக்காட குரல்தான், அம்மா. அக்கா மூச்சு விடுற மாதிரித்தான் இரிக்கு." ரோச்சின் பின்மூடியைத் திருகிக் கழற்றி நாலு பற்றரியையும் என் கையில் கொட்டினான்.

போட்டேன். அவள் வந்தாள். தாய் ஈரக் கையோடு அப்படியே மண்ணில் குந்தினார். பொடியன் நின்றபடி கேட்டான். "நேரத்துக்குத் திங்கிறயா?" என்ற இடத்தில் தாய் ரேப் ரெக்கோடரைப் பார்த்து ஓம் என்று தலையாட்டினார். மாசம் முடியிறதுக்கு முதல் என்ற இடத்தில் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எப்ப கிடைச்சது உனக்கு இது?" என்றார் தாய்.

"மூணு கிழமைக்கு முதல்."

"மூணு கிழமையா என்ன செய்தாய்?"

"கேட்டுக்கொண்டிருந்தன்."

"கேட்டுமா விளங்கல்ல? அழுகிறதயும் பாட்டுப் படிக்கிறதயும் பிரிக்கத் தெரியாத உனக்கு அங்க என்னத்தப் படிப்பிக்கிறாங்க?"

பொருளியல் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொருளியலுக்கும் கேடு. பொடியன் அதற்குள் விரல் மடித்துக்கொண்டிருந்தான். கிராம சேவகரிடம் கடிதம், பிறகு ஆமி முகாமில் பயணப் பாஸ், பிறகு பஸ். நாலு நாள். ஓடினால் முடியும், நடந்தால் முடியாது.

"அண்ணன், இந்தச் சைக்கிள் உங்கடயா?"

சைக்கிள் பூட்டின் திறப்பைக் கொடுத்தேன். தாய் அதைத் தட்டிப் பறிக்கப் பார்த்தார். "அவனிண்ட சைக்கிளில போகாதடா, என்ன இழவ விழுத்த வந்தவனோ." பொடியன் ஏறிவிட்டான். நான் கசெற்றை எடுத்துத் தாயின் கையில் வைத்தேன். எட்டுப் பாட்டு நல்ல பாட்டு, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரேப் ரெக்கோடரையும் விட்டுவிட்டு நடந்தேன். அதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தேகம் இருந்தாலும் மகள் அதற்குள்தானே இருந்தாள்.

நாலு நாளும் எனக்கு விரிவுரை ஏறவில்லை. விமர்சனம் வந்த சஞ்சிகையை அறைத்தோழன் ஒருதரம் எடுத்துச் சத்தமாக வாசித்தான். அந்த ஒருதரம் போதுமாக இருந்தது.

ஐந்தாம் நாள் சித்தாண்டிக்கு நடந்தேன். சைக்கிள் வேலியோரம் நின்றது, கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெயும் போட்டு. நெல் மூட்டைகள் சுவரோடு நெருக்கி அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் இனி ஒருவர் இருக்க இடமில்லை. நீலச் சேட்டு கொடியிலும் இல்லை. பொடியன் போய்விட்டான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. மகிழ்ச்சியில் எனக்கு வாய் நிற்காது.

"தம்பி எப்ப வெளிக்கிட்டவர் அம்மா? எந்தப் பாதையால போனவர்? கொழும்புக்குச் சுகமாப் போய்ச் சேந்திட்டாரா? ஆருட வீட்ட நிக்கிறார்?"

அம்மா இடியப்ப உரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது உனக்கென்னத்துக்கு மனே?"